மாப்பிள்ளையின் காது

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறிக்கு எண்ணெய் போட்டு ரொம்ப நாளாகியிருக்கும் போலிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகுகிறது. நீங்கள் பழகிவிட்டீர்கள், உங்களுக்குக் கேட்காது. காது அப்படித்தான் ஐயா, அதைப்போல ஏமாளி உடம்பில் வேறு எந்த உறுப்பும் இல்லை. நாலு நாள் ஒரு சத்தத்தோடு குடித்தனம் நடத்தினால் அப்படி ஒரு சத்தமே இல்லை என்று நம்பிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, நான் சொல்லப்போவதற்கெல்லாம் இதுதான் ஆதாரம்.

என் தங்கை உங்களிடம் சொன்னது உண்மை. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, அப்பா கேட்பதற்கு முன்பே போய் ஒப்புக்கொண்டு அடி வாங்கியவள். அதனால், அவள் தவறாகக் கேட்டிருப்பாள், அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று வக்கீல் என்னைச் சொல்லச் சொன்னதை நான் சொல்லப்போவதில்லை. அந்த வார்த்தைகளை நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதை மட்டும் நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். பத்திரிகைக்காரர்கள் பொறாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். தலைப்பில் இடம் குறைவு, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

என் வேலை என்னவென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இசை நிகழ்ச்சிக்கு வந்து புல்தரையில் நிற்கிறவர்களுக்கு ஒரு சத்தம் போகிறது. அதைக் கவனிக்க ஓர் ஆள் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். மேடையில் நிற்கிறவர்களுக்கு அது கேட்காது, அவர்களுக்கு வேறொரு சத்தம் வேண்டும். பாடகருக்குத் தன் குரல் வேண்டும், டிரம்மருக்கு பேஸ் கிட்டார் வேண்டும், கூடப் பாடும் என் தங்கைக்கு இரண்டும் அளவாக வேண்டும். ஒவ்வொருவர் காதிலும் ஒரு சின்ன ஒலிக்கருவி செருகியிருக்கும். மேடைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கூடாரம் போட்டு, அதில் குமிழ்கள் நிறைந்த ஒலி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அவரவர் காதுக்கு வேண்டியதை அனுப்புகிறவன் நான். அவர்கள் இசையை வாசிக்கிறார்கள். அவர்களுக்கு என்ன கேட்க வேண்டும் என்று முடிவு செய்கிறவன் நான்.

பேச்செல்லாம் கைஜாடையில்தான். விரலை மேலே காட்டினால் ஏற்று. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் இறக்கு. நான் ஒரு முறை தலையாட்டுவேன், ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தலையாட்டலை அவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும், பாதிப் பாட்டில் இறங்கி வந்து சரிபார்க்க முடியாது. இதில் ஒரு பழைய தந்திரமும் உண்டு. சும்மா நச்சரிக்கிற பாடகருக்காக எதோடும் இணைக்காத ஒரு குமிழை அவர் கண் முன்னே திருகுவோம். 'ஆங், இப்ப சரியா இருக்கு' என்பார். நான் சொன்னேனே, ஏமாளி.

எங்களுடையது ரெகே குழு, ஜமைக்காவிலிருந்து வந்த இசை. மற்ற இசையில் முதல் அடி விழும் இடத்தில்தான் எல்லோரும் காலைத் தட்டுவார்கள். ரெகேயில் டிரம்மர் அந்த முதல் அடியை அடிக்காமல் விட்டுவிடுவார். அந்த இடைவெளி வழியாகத்தான் பாட்டு மூச்சு விடும். அடிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விடத் தெரிந்தவர்கள்தான் குறைவு. எங்கள் டிரம்மருக்கு அது நன்றாகத் தெரியும். எதற்கும் அவசரப்படமாட்டார் என்பதால் அவருக்குப் பெயரே அவசரம். பேஸ் கிட்டார்க்காரர் பெயர் தூண், இரண்டு மணி நேரம் நின்ற இடத்தை விட்டு நகரமாட்டார். இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து, என் வீட்டுக் கார் கொட்டகையில் குழுவை ஆரம்பித்தது நான். பாட்டு எழுதியதும் நான். முதலில் பாடியதும் நான்தான்.

மாப்பிள்ளை அப்போது குழுவில் ஜால்ரா மாதிரி ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தார். தாளம் நிற்காது. தங்கை பக்கத்தில் நிற்பதற்காகவே வந்து சேர்ந்த ஆள் என்று எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்லித்தான் கிண்டல் செய்வோம். ஒரு நிகழ்ச்சியன்று எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரே ஒரு தடவை என்று அவரைப் பாடச் சொன்னோம். என் சுருதி அவருக்குப் போதவில்லை, ஒரு கட்டை ஏற்றி வாசித்தார்கள். பாட்டு வேறு மாதிரி ஆகிவிட்டது. அதுவரை சாப்பாட்டுக் கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்த கூட்டம் தட்டோடு மேடைக்கு முன்னால் வந்து நின்றது.

எனக்குத் தொண்டை சரியாகிவிட்டது. ஆனால் குழு பழைய சுருதிக்குத் திரும்பவில்லை. அவசரம் கொட்டகைக்கு வந்து, சுற்றி வளைத்து, என்னைப் போல் காது யாருக்கும் இல்லை, நான் ஒலிக் கருவிகளைப் பார்த்துக்கொண்டால் குழுவே ஒரு படி மேலே போய்விடும் என்றார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல என்பார்களே, அப்படி. நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். தங்கையைக் கட்டிக்கொடுத்தேன், மைக்கையும் கொடுத்தேன். இரண்டையும் மனதாரத்தான் கொடுத்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பொறாமைக்காரன் அப்படிக் கொடுப்பானா? 'அண்ணே, நாங்க அடிக்காம விடற அந்த முதல் அடி இருக்கே, அது நீங்கதான்' என்று அவசரம் பிற்பாடு ஒரு முறை சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்.

மாப்பிள்ளையிடம் ஒரு கோளாறு இருந்தது, அதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். அவர் யாரையும் காதுகொடுத்துக் கேட்கமாட்டார். மேடையில் பாடும்போது தூண் என்ன வாசிக்கிறார், என் தங்கை எந்த இடத்தில் சேர்ந்து பாடுகிறாள், எதுவும் அவர் காதில் ஏறாது. தன் குரல், இன்னும் கொஞ்சம் தன் குரல். விரல் மேலே போய்க்கொண்டே இருக்கும். மூன்றாவது பாட்டில் என் தங்கை ஒற்றைக் குரலில் நாலு வரி பாடுவாள், அந்த நாலு வரியைக் கூட அவளை முழுதாகப் பாடவிட்டதில்லை. நான் எழுதிய பாட்டு அது. அங்கே அவர் சும்மா இருக்க வேண்டும். சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

அப்போதெல்லாம் அவர் செவிடு இல்லை.

கேட்டதைக் கொடுப்பது என் வேலை. விரலைக் காட்டினார், ஏற்றினேன். இன்று ஏற்றினால் நாளைக்கு அது பழகிவிடும், மறுபடி விரல் போகும். இதற்கென்று ஒரு தடுப்பு உண்டு. எவ்வளவு ஏற்றினாலும் ஓர் அளவுக்கு மேல் காதுக்குள் போகவிடாது. எல்லாக் குழுவிலும் அதை வைத்திருப்பார்கள். அவர் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்றதால் நான் அதை எடுத்துவிட்டேன். எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இதை விபத்து என்று சொல்லி நான் தப்பிக்க முடியும். வக்கீலுக்கும் அதுதான் ஆசை. எனக்கு அது வேண்டாம், செய்ததைச் செய்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு முறை, வெயில் தாழ்ந்த நேரம், ஒரு குதிரைப் பந்தய மைதானத்தில் வாசித்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை பாதிப் பாட்டில் என் பக்கம் திரும்பினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினார். இறக்கு. இத்தனை வருடத்தில் முதல் தடவை. வலித்திருக்கும் போல. நான் தலையாட்டினேன். பிறகு ஏற்றினேன். கொஞ்சம்தான் ஏற்றினேன். அவர் கட்டை விரலைக் காட்டி நன்றி சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார்.

ஏன் என்று கேட்கிறீர்கள். காது யாருக்கு வேண்டும்? கேட்கிறவனுக்கு வேண்டும். கண்ணே திறக்காதவனுக்கு விளக்கு எதற்கு? அவருக்கு உபயோகமில்லாத ஒன்றை நான் மெல்ல எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டுதானே இருந்தார்.

பிறகு அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாட ஆரம்பித்தார். ரசிகர்களுக்கு அது பிடித்துப்போயிற்று, முன் வரிசையில் சிலர் தாங்களும் வெறுங்காலோடு வந்து நின்றார்கள். மேடைப் பலகையில் பேஸ் கிட்டாரின் அதிர்வு வரும் ஐயா. மாப்பிள்ளை உள்ளங்காலால் கேட்டுக்கொண்டிருந்தார். தூண் வாசிப்பது அவருக்கு முதல் முறையாகக் கேட்டது அப்போதுதான். உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகுதான் நன்றாகப் பாடினார். தங்கையின் நாலு வரிக்குக் கூட வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் என் கூடாரத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு காது போயே விட்டது, இன்னொன்றில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அந்தக் கருவியைச் செருகி முழுசாக ஏற்றினால் மட்டும் கேட்கிறது.

"யாருக்கும் சொல்லிடாதீங்க மச்சான். அவளுக்கும் வேண்டாம், பயந்துடுவா. நீங்க காதுக்குள்ள இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையில்ல."

நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். உலகத்தில் அவருக்குத் தெளிவாகக் கேட்ட குரல் ஒன்றே ஒன்றுதான். என் மேசையில் ஒரு சின்ன மைக் இருக்கும், பொத்தானை அழுத்திப் பேசினால் மேடையில் நிற்கிறவர் காதுக்குள் நேராகப் போகும். அவர் பெண்டாட்டி குரல் அவருக்குக் கேட்காது. மகள் கூப்பிட்டால் கேட்காது. நான் கூப்பிட்டால் திரும்புவார். எனக்கு அது பெருமையாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

இனி அந்த விழா நாளுக்கு வருகிறேன். மரங்கள் சூழ்ந்த பெரிய மைதானம். மேடைக்கு மேலே கூரை, கூரையிலிருந்து விளக்குகள் பூட்டிய இரும்புச் சட்டம் சங்கிலியில் தொங்குகிறது. எங்களுக்கு முன்னால் இரண்டு குழுக்கள், பின்னால் ஒன்று. காலையில் ஒத்திகை பார்க்கும்போது தங்கை என் கூடாரத்துக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. வீட்டில் இவர் டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டால் சிரித்து மழுப்புகிறார் என்றாள்.

"அண்ணா, அவர் காதுக்கு என்ன அனுப்பறியோ அத என் காதுக்கும் அனுப்பு. நீ எவ்வளவு சத்தமா வச்சிருக்கேன்னு நான் பாக்கணும்."

என்ன செய்ய? அவருக்குப் போவதை அப்படியே அவளுக்கும் இணைத்தேன். ஆனால் அவள் பக்கத்தில் அளவை நன்றாக இறக்கி வைத்தேன். கேட்டுப் பார்த்தாள். இவ்வளவுதானா என்றாள். இவ்வளவுதான் என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. 'உன்னப் போய் சந்தேகப்பட்டேனே' என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அடுத்த குழுவின் ஆட்கள் வயரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். நான் அந்த இணைப்பை எடுக்க மறந்துவிட்டேன். இத்தனை வருடத் தொழிலில் நான் செய்த ஒரே தவறு அதுதான், வேண்டுமானால் தவறு என்ற தலைப்பில் அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் நாங்கள் மேடை ஏறியபோது நல்ல வெளிச்சம் இருந்தது. நாலாவது பாட்டில் காற்று எழுந்தது. மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. விழா மேலாளர் ஓடி வந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகக் காட்டினார், நிறுத்து என்று அர்த்தம். ஜெனரேட்டரை அணைத்துவிட்டார்கள். அவசரம் முதல் தடவையாக அவசரப்பட்டு இறங்கினார். தூண் நகர்ந்தார். தங்கை கூடப் பாடுகிறவர்களோடு பின்படியில் இறங்கத் தொடங்கினாள், மாப்பிள்ளை முன்பக்கமாக இறங்கிவிடுவார் என்று நினைத்திருப்பாள். எல்லோரும் இறங்கு, இறங்கு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மேலே சட்டம் ஊஞ்சல் மாதிரி ஆடிற்று.

மாப்பிள்ளை மட்டும் மேடையின் விளிம்பில், மூடிய கண்ணோடு, ஜனங்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு யார் கத்தியதும் கேட்கவில்லை. காலுக்குக் கீழே பேஸ் நின்றுபோனது மட்டும் தெரிந்திருக்கிறது. கண்ணைத் திறந்தார். அந்த நேரத்தில் ஒரு மனிதன் எதைப் பார்ப்பான்? மேலே பார்ப்பான், பின்னால் பார்ப்பான். அவர் என்னைப் பார்த்தார். என் மேசைக்கு மின்சாரம் போனாலும் ஓட பேட்டரி உண்டு என்று அவருக்குத் தெரியும். என்ன செய்யட்டும் என்று இரண்டு கைகளையும் விரித்துக் கேட்டார்.

நான் பொத்தானை அழுத்தினேன். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். சட்டத்தைப் பார்த்தேன், ஒரு பக்கச் சங்கிலி விட்டுப்போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

"ஒண்ணும் இல்ல மாப்ள. கரன்ட்தான் போயிருக்கு. அங்கயே நில்லுங்க, இப்ப வந்துடும்."

அவர் தலையாட்டினார். எப்போதும் நான்தான் தலையாட்டுவேன், அன்றைக்கு அவர். பிறகு அந்த விரலை மேலே காட்டினார். அது ஏற்று என்ற ஜாடையா, ஒரு நிமிஷம் என்ற ஜாடையா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஏற்றினேன். அவர் கையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு, மைக் இல்லாமலேயே, பின்வாங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துப் பாட ஆரம்பித்தார். முதல் அடியை விட்டுத் தட்டினார், அதையும் சொல்ல வேண்டும். சரியாகத்தான் தட்டினார்.

படியில் பாதி இறங்கியிருந்த என் தங்கை அப்படியே நின்றாள். திரும்பினாள். காதில் கையை வைத்துக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு அந்த இணைப்பு ஞாபகம் வந்தது. அவள் மேலே ஏற ஓடினாள், அவசரம் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்குள் சட்டம் கீழே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், குரலைக் கூட உயர்த்தவில்லை.

"நீ இறங்குன்னு சொல்லியிருந்தா அவருக்குக் கேட்டிருக்கும் இல்லண்ணா?"

கேட்டிருக்கும் என்றேன். அவளிடமும் நான் பொய் சொல்லவில்லை. அங்கிருந்து அவள் நேராக உங்களிடம் வந்தாள்.

நான் அழவில்லை என்று உங்கள் ஆட்கள் முணுமுணுத்துக்கொள்வது எனக்குக் கேட்டது. அந்தக் கதவு மெல்லிசு. எதற்கு அழ வேண்டும்? அவர் கேட்டதையெல்லாம் கொடுத்தேன். கடைசியில் நில்லுங்கள் என்றேன், நின்றார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஒருவர் சொல்வதைக் கேட்டார், அது நான் சொன்னதாக இருந்தது. கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காதை எடுத்தது நான், உயிரை எடுத்ததும் நான். மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் எந்த வரியிலும் சேர்க்காதீர்கள். பொறாமை என்ற வார்த்தையையும். எனக்கு அவரிடமிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு சின்ன உதவி. அடுத்த மாதம் ஏரிக்கரையில் ஒரு விழாவுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதை ரத்து செய்துவிட வேண்டாம் என்று அவசரத்திடம் சொல்லிவிடுங்கள். அதற்குள் ஜாமீன் வாங்கிவிடலாம் என்று வக்கீல் சொல்கிறார். எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம், ஒத்திகை கூட வேண்டியதில்லை. தொண்டையும் இப்போது நன்றாக இருக்கிறது, தினமும் காலையில் சாதகம் செய்துகொண்டுதான் இருந்தேன். ஒரு கட்டை மட்டும் இறக்கி வாசிக்கச் சொல்லுங்கள்.